ஒரு நூல் இடைவெளி

செப்டம்பர் 3, 2024. செவ்வாய்

நூற்று நாற்பத்தொரு சிவப்புப் புள்ளிகள். எங்கள் ஆபீஸ் முகேஷ்குமார் கணினியில் வரைந்து கொடுத்த எந்திரத்தைக் காலையில் என் சாஃப்ட்வேருக்குள் கொண்டுவந்தேன். அவன் பக்கத்தில் ஒழுங்காக ஒட்டிக்கொண்டிருந்த குழாயும் தகடும் என் பக்கம் வந்ததும் சொத்துத் தகராறு வந்த பங்காளிகள் மாதிரி விலகி நிற்கின்றன, விலகிய இடமெல்லாம் ஒரு சிவப்பு. எப்போதும் இப்படித்தான். வீடு மாறும்போது எந்தப் பாத்திரத்தின் மூடியாவது தொலையாமல் இருந்திருக்கிறதா?

எட்டு வருஷமாக இதுதான் என் பிழைப்பு. ஒருவர் வரைந்ததை வாங்கி, அதன்மேல் கணக்கில் பாரம் ஏற்றி, எங்கே வளையும், எங்கே உடையும் என்று சொல்ல வேண்டும். இந்த முறை தென்னை மரம் ஏறும் எந்திரம். முதல் எந்திரத்தை எங்கள் பட்டறை வெல்டர் சடையாண்டி அண்ணன் படம் எதுவும் இல்லாமல் தன் கையாலேயே வெல்டு வைத்துச் செய்தார். ஆறு மாதமாக ஆத்தூரில் தேங்காய் பறிக்கிற சோலைமுத்து அதில்தான் மரம் ஏறுகிறார். ஒரு குறையும் இல்லை, கனத்தைத் தவிர. “இதத் தூக்கிட்டு அடுத்த மரத்துக்குப் போறதுக்குள்ள வெறுங்காலோட ரெண்டு மரம் ஏறி எறங்கிருவேன் சார்” என்று எங்கள் முதலாளி மோகன்குமார் சாரிடம் சொல்லியிருக்கிறார். அதனால் முகேஷ் அந்த எந்திரத்தை அளந்து வரைந்தான். எங்கே இரும்பைக் குறைக்கலாம் என்று நான் சொல்ல வேண்டும்.

சாருக்கு வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வேண்டுமாம். வேண்டும் என்று சொல்வதற்கு முதலாளிக்குச் சிரமமே இல்லை.

செப்டம்பர் 5. வியாழன்

‘இத்தனை மில்லிமீட்டருக்குள் இருக்கும் இடைவெளிகளை ஒட்டிவிடு’ என்று சாஃப்ட்வேரில் ஒரு கட்டம் உண்டு. ஒன்று போட்டேன், பாதி சிவப்பு மறைந்தது. இரண்டு போட்டேன், இரண்டே இடம்தான் மிச்சம். கால் வைத்து மிதிக்கும் குழாய்க்கும் அதற்குக் கீழே முட்டுக் கொடுக்கும் தகட்டுக்கும் நடுவே, வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று.

சடையாண்டி அண்ணனுக்குப் போன் போட்டேன். பட்டறையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேருமே கத்தினோம்.

“அண்ணே, அந்த முட்டுத் தகட்டுல இடைவெளி இருக்கே, நீங்க விட்டதா? முகேஷ் தப்பா அளந்துட்டானா?”

“நான் விட்டதுதாம்மா. ஒரு நூல். அதுல வந்து...”

“ஒரு நூல்தானண்ணே? சரி சரி.”

நூலளவு இடைவெளிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? கட்டத்தில் நான்கு போட்டேன். சிவப்பே இல்லை. திரை முழுக்கப் பச்சை. சாப்பாட்டு நேரத்தில் இதை எழுதுகிறேன். இன்றைக்குத்தான் சோறு ருசியாக இருக்கிறது.

செப்டம்பர் 6. வெள்ளி

மிதிக்கும் குழாயின் கனத்தை மூன்று மில்லியிலிருந்து இரண்டாகக் குறைத்தாலும் பாதுகாப்பு எண் 3.1 வருகிறது. அதாவது ஏற வேண்டிய பாரத்தைப் போல மூன்று மடங்கு தாங்கும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 1. செவ்வாய்

புது எந்திரம் தயார். சோலைமுத்து வந்து ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தார். “இது எந்திரமா, எம்பொண்டாட்டி கூடையா?” என்றார். சடையாண்டி அண்ணன்கூடச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

“கம்ப்யூட்டரம்மா, நீங்கதான் கனத்தக் கொறச்சீங்களாம்ல?” என்று சோலைமுத்து என்னிடம் கேட்டார். பெருமையாக இருந்தது. பெருமையாக இருந்தது என்று எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 8. செவ்வாய்

சோலைமுத்து விழுந்துவிட்டார்.

அக்டோபர் 9. புதன்

நான்காவது மரம். இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் ஏறியிருந்தாராம். வலது பக்க மிதிக்குழாய் வெல்டு ஓரத்தில் அப்படியே பிய்ந்து வந்துவிட்டது. இடுப்புப் பட்டையை மாட்டியிருக்க மாட்டார் என்று சார் முதலில் சொன்னார். மாட்டியிருந்தார். பட்டை எந்தச் சட்டத்தில் கோத்திருந்ததோ அந்தச் சட்டமே அவரோடு கீழே வந்துவிட்டது.

மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இடுப்பு எலும்பு. முதுகுத்தண்டிலும் அடி. இடது காலில் கிள்ளினால் தெரியவில்லையாம்.

அக்டோபர் 12. சனி

ஆஸ்பத்திரிக்குப் போனோம். இடுப்பில் தகடு வைத்திருக்கிறார்கள். அவருடைய மனைவி கண்ணம்மாள் அதைச் சொன்னபோது, எத்தனை மில்லி தகடாக இருக்கும் என்று என் மனம் யோசித்தது. சீ, என்ன பிறவி நான்.

சடையாண்டி அண்ணன் வாசலோடு நின்றுவிட்டார். கண்ணம்மாள் அக்கா வெளியே போய் அவரைத் திட்டிய திட்டு வார்டு முழுக்கக் கேட்டது. “ஒங்கையில என்ன வெளங்காமப் போச்சு? மொத மெசின ஒழுங்காத்தான செஞ்சு குடுத்த?”

திரும்பும்போது வண்டியில் சார் சொன்னார்: “வெல்டுதான். கண்ணால பாத்தேன்ல, வெல்டு ஓரமாத்தான் விட்டிருக்கு. கணக்குல தப்பில்லையே தஹ்சீன்?”

“இல்ல சார்.”

தொழுதுவிட்டுக் கை ஏந்தியபோது சோலைமுத்து எழுந்து நடக்க வேண்டும் என்று கேட்டேன். அதற்கு அடுத்ததாக, அது வெல்டாகவே இருக்கட்டும் என்றும் கேட்டுவிட்டேன்.

அக்டோபர் 16. புதன்

மூன்றாவது தடவையாகக் கணக்கை ஓட்டினேன். 3.1. ஒவ்வொரு தடவையும் 3.1. ஆறுதலாக இருக்க வேண்டும். ஏன் இல்லை?

சடையாண்டி அண்ணனை வேலைக்கு வர வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார்.

அக்டோபர் 20. ஞாயிறு

மூன்று நாளாக மழை. வாசல் கதவு ஊறிப் போய்த் திறக்கவும் மாட்டேன் என்கிறது, சாத்தவும் மாட்டேன் என்கிறது. அத்தா ஒவ்வொரு முறையும் தோளால் இடித்துத் திறக்கிறார். அவருடைய பெல்ட்டுக் கடையில் தோல் அறுத்தே தோள்வலி வேண்டிய மட்டும் கிடைக்கிறது, இது வேறு.

அக்டோபர் 23. புதன்

எழுத வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலையில் கதவைச் சரிசெய்ய ஆசாரி வந்தார். தடவிப் பார்த்துவிட்டு, “ஒரு நூல் பிடிக்குது பாய். அதச் சீவிட்டாப் போதும்” என்றார். நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கதவைக் கழற்றிச் சாய்த்து வைத்து இழைத்தார். இழைத்தார், இழைத்துக்கொண்டே இருந்தார். சுருள் சுருளாக வாசல் முழுக்க மரத்தூள். ஒரு நூலுக்கா இவ்வளவு?

“அத்தா, ஒரு நூல்னா எம்புட்டு?”

அத்தா சிரித்தார். “இஞ்சினியருக்குப் படிச்ச புள்ள கேக்குற கேள்வியா இது? ஒரு இஞ்சுக்கு எட்டு நூல்மா.” ஆசாரியின் ஸ்கேலை வாங்கி விரல் வைத்துக் காட்டினார்.

மூன்று மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் அதிகம்.

நான் படித்ததெல்லாம் மில்லிமீட்டரில். நூல் என்றால் தைக்கிற நூல், மில்லில் நூற்கிற நூல். பட்டறையில் ஒவ்வொரு நாளும் காதில் விழுந்திருக்கும். ரெண்டு நூல் கம்பி, மூணு நூல் கம்பி. அது கம்பியின் பேர் என்றே நினைத்திருந்தேன். அளவு என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

அத்தா ஏன் கூப்பிடுகிறார் என்று தெரியாமல் அங்கேயே நின்றேன். தூளைக் கூட்டச் சொன்னாராம்.

அக்டோபர் 24. வியாழன்

முகேஷின் ஃபைலைத் திறந்து அளந்தேன். 3.175. அவன் சரியாகத்தான் அளந்திருக்கிறான். சடையாண்டி அண்ணன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

இடைவெளியை ஒட்டாமல் விட்டுக் கணக்கை ஓட்டினேன். 0.9. ஒன்றுக்குக் கீழே என்றால் தாங்காது, அவ்வளவுதான். நான் ஒட்டிவிட்டதால் கணக்கில் தகடு பாரத்தைத் தாங்கியது. மரத்தில் அது குழாயைத் தொடவே இல்லை. குழாய் மூன்று மில்லி கனமாக இருந்தவரை அது ஒன்றே தாங்கிக்கொண்டது. அதைத்தான் நான் சீவி எடுத்தேன். பாரம் ஏற ஏறக் குழாய் வளைந்து, வளைவு முழுவதும் வெல்டு ஓரத்தில் போய் உட்கார்ந்து...

சிவப்பு என்பது என்ன? பாரு, இங்க ஏதோ இருக்கு, பாருன்னு அது சொல்லுச்சு. நூலளவு இடைவெளின்னா ஒன்னு போட்டப்பவே ஒட்டியிருக்கணும்ல? ரெண்டு போட்டும் ஒட்டாதத நாலு போட்டு ஒட்டவச்ச. அளந்து பாக்க எம்புட்டு நேரம்டி ஆகும் ஒனக்கு? ரெண்டு க்ளிக்.

“அதுல வந்து” என்று அண்ணன் ஏதோ சொல்ல வந்தார். நான்தான் சரி சரி என்றேன்.

அக்டோபர் 25. வெள்ளி

யாருக்கும் தெரியாது. இதுதான் பயமாக இருக்கிறது. ஒட்டின மாடலை யார் திறந்து பார்த்தாலும் ஒழுங்காகத் தெரியும். அந்த நான்கு என்ற எண் நான் போட்டது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அக்டோபர் 31. வியாழன்

தீபாவளி. ஊர் முழுக்க வெடிச் சத்தம். முகேஷ் அதிரசம் கொண்டுவந்து கொடுத்தான். வாங்கிக்கொண்டேன், தின்றேன், நன்றாக இருக்கிறது என்றேன். இதெல்லாம் தன்னால் நடக்கிறது.

நவம்பர் 4. திங்கள்

ரெட்டியார்சத்திரம் ரோட்டில் சடையாண்டி அண்ணனைப் பார்த்தேன். மச்சினனின் இரும்புக் கேட் செய்யும் பட்டறையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். முன்னால் துண்டுத் துண்டாக இரும்பு. இரண்டு துண்டை ஒட்டி வெல்டு வைக்கிறார், ஆறவிடுகிறார், இரும்பு இடுக்கியில் பிடித்துச் சம்மட்டியால் அடிக்கிறார். உடையவில்லை. தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த இரண்டு துண்டை எடுக்கிறார்.

“என்னண்ணே பண்றீங்க?”

“எங்க விடுதுன்னு பாக்குறேம்மா. ஒன்னும் விட மாட்டேங்குது. பெறகு எப்புடி அது விட்டுச்சு?” வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் எதும் இருந்துச்சான்னு வீட்டுல கேட்டேன். இல்லைங்குறா.”

சொல்லியிருக்க வேண்டும். அங்கேயே, அப்போதே. வாயைத் திறந்தேன். “உடம்பப் பாத்துக்கங்கண்ணே” என்றேன்.

தூ.

நவம்பர் 8. வெள்ளி

நான்கு நாளாக ஒரே கணக்கு. சொன்னால் என் வேலை போகும், இனி எவனும் என் கையெழுத்தை நம்ப மாட்டான், ஒருவேளை கேஸ் ஆகும். அத்தா கடையில் ஆட்கள் கேட்பார்கள். சொல்லாவிட்டால் ஒன்றுமே ஆகாது. நான் எண்பது வயது வரை இருப்பேன், சடையாண்டி அண்ணன் தன் கையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

நவம்பர் 11. திங்கள்

சாரிடம் சொல்லிவிட்டேன். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். “வேற யார்ட்ட சொன்ன?”

“யார்ட்டயும் இல்ல சார்.”

“அப்ப இத்தோட இருக்கட்டும். ஆஸ்பத்திரிய நான் பாத்துக்கிறேன், சடையாண்டிக்கு வேற எடம் நானே சொல்லி வாங்கித் தாரேன். இந்த ஃபைல அழிச்சிரு.”

“அழிக்கவே வேணாம் சார். தெறந்து பாத்தாலும் யாருக்கும் தெரியாது.”

நான் குத்திக்காட்டியதாக அவர் நினைக்கவில்லை. நிம்மதியாகத் தலையாட்டினார். கெட்ட மனிதர் இல்லை. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அதனால்தான் என்னால் அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. அவர் சொன்னதையே நான் பத்தொன்பது நாளாகச் செய்துகொண்டிருந்தேன்.

நவம்பர் 14. வியாழன்

மச்சினன் பட்டறைக்குப் போய்ச் சடையாண்டி அண்ணனிடம் சொன்னேன். ஒரு நூல் என்று நீங்கள் சொன்னதை நான் தைக்கிற நூல் என்று நினைத்துக்கொண்டேன், அந்த இடைவெளியை ஒட்டிவிட்டேன், அதை வைத்துத்தான் குழாயைக் குறைக்கச் சொன்னேன், உங்கள் வெல்டு விடவில்லை. ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் கோணியிலிருந்து அந்த உடைந்த துண்டை எடுத்தார். இத்தனை நாளும் பக்கத்திலேயே வைத்திருந்திருக்கிறார். ஓரத்தை விரலால் தடவினார்.

“ரப்பர் வைக்க விட்ட எடம் அது. மிதிச்சா முட்டியில அதிரக் கூடாதுன்னு ஒரு நூல் விட்டு ரப்பரச் சொருகியிருந்தேன். அன்னைக்கே சொல்ல வந்தேனே.”

“ஆமாண்ணே. நான் கேக்கல.”

“எப்பக் கண்டுபுடிச்ச?”

பொய் சொல்லியிருக்கலாம். நேற்று என்று சொல்லியிருக்கலாம். “போன மாசம் இருபத்துமூணாந் தேதி.”

விரல் விட்டு எண்ணினார். “இருவத்திரண்டு நாளு. அதுல ஒரு நாளு இங்க வந்து, நான் இரும்ப ஒடச்சுக்கிட்டு இருந்ததப் பாத்துட்டும் போன.”

“ஆமா.”

“அளவு தெரியாமச் செஞ்சது சரி. யாருக்கும் வரும். இது எந்தக் கணக்குலம்மா வரும்?”

திரும்பி உட்கார்ந்துகொண்டார். நானாக எழுந்து வந்தேன். அழுதுகொண்டு வண்டி ஓட்டக் கூடாது என்று ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். அழுகை வரவும் இல்லை.

நவம்பர் 17. ஞாயிறு

ஆத்தூர். அத்தாவும் கூட வந்தார். நேற்றுதான் அவரிடம் சொன்னேன். “சரி, நாளைக்கு நானும் வாரேன்” என்றார், வேறெதுவும் கேட்கவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டார், பேச வேண்டியது நான் என்று.

சோலைமுத்து கட்டிலில் இருந்தார். இடுப்புக்கு மேலே அதே ஆள். சொல்லி முடித்தேன்.

“அப்ப அந்தப் பழைய மெசினு ஒடஞ்சிருக்காதா?”

“ஒடஞ்சிருக்காது.”

கூரையைப் பார்த்தார். “கனமா இருக்குன்னு சொன்னது நாந்தானம்மா. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.”

இல்லை, இல்லை, அது உங்கள் தப்பு இல்லை என்று கத்தினேன். கனமாக இருப்பதைக் கனம் என்று சொல்வது எப்படித் தப்பாகும்? அவர் கேட்ட மாதிரியே இல்லை. சடையாண்டி அண்ணன் தன் கையைக் குற்றம் சொன்னார், இவர் தன் வாயைக் குற்றம் சொல்கிறார். குற்றம் செய்தவள் நான் ஒருத்தி, என்னைத் தவிர எல்லாரும் அதைச் சுமக்கிறார்கள்.

கண்ணம்மாள் அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “சடையாண்டி அண்ணன அம்புட்டுப் பேரு முன்னால வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அவரு வீட்டுப் பக்கம் போறது?” என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீ போம்மா. என்னால இப்ப ஒன்னையப் பாக்க முடியல” என்றார்.

டிசம்பர் 2. திங்கள்

திருத்திய ரிப்போர்ட்டை எழுதி, எந்திரத்துக்கு ஒப்புதல் தருகிற அலுவலகத்துக்கு என் பெயரிலேயே அனுப்பினேன். ஒரு பிரதி சோலைமுத்துவுக்கு, ஒரு பிரதி சடையாண்டி அண்ணனுக்கு. இடைவெளி 3.175 மில்லிமீட்டர், பகுப்பாய்வு செய்தவர் அதைத் தவறாக மூடினார், வெல்டில் குறை இல்லை. மூன்று வரிதான் முக்கியம், மற்றதெல்லாம் படம்.

சாரிடம் ஒரு பிரதியையும் ராஜினாமாவையும் சேர்த்துக் கொடுத்தேன். இரண்டையும் வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தார். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்றார். கூப்பிடட்டும்.

டிசம்பர் 16. திங்கள்

கடையில் உட்கார்கிறேன். பெல்ட்டுக்கு ஓட்டை போடுகிறேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அளக்கிறேன். அத்தா பார்த்துவிட்டு அடுத்த பெல்ட்டை எடுத்து வைக்கிறார்.

எழுந்திருக்கவே பிடிக்கவில்லை.

டிசம்பர் 29. ஞாயிறு

மறுபடியும் ஆத்தூர் போனேன். கண்ணம்மாள் அக்கா உள்ளே விடவில்லை. வாசலில் செத்த நேரம் நின்றுவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறும் போவேன். போய் என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாது.

ஜனவரி 19, 2025. ஞாயிறு

சோலைமுத்துவால் இனி மரம் ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கைப்பிடி இருந்தால் வீட்டுக்குள் நடக்கலாமாம். கண்ணம்மாள் அக்கா பொங்கலுக்கு முந்தின நாள் சடையாண்டி அண்ணன் வீட்டுக்கே போய் அழுதிருக்கிறார். இன்றைக்கு நான் ஆத்தூர் போனபோது கட்டிலிலிருந்து கக்கூஸ் வரைக்கும் சுவரோரமாகக் குழாய் கிடந்தது. அண்ணன் தரையில் உட்கார்ந்து தாங்கு கம்பிகளை அறுத்துக்கொண்டிருந்தார். நவம்பருக்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நிலைப்படியில் நின்றேன்.

“சும்மா நிக்காம அந்தக் குழாயப் புடி” என்றார், என்னைப் பார்க்காமல்.

பிடித்தேன். அவர் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். “ஒரு நூல் எறக்கு.”

இறக்கினேன். மூன்று மில்லிமீட்டரும் கொஞ்சமும்.

அவர் வந்து டேப்பை வைத்து அளந்தார். இந்த முனையில் ஒரு தடவை, அந்த முனையில் ஒரு தடவை. மறுபடியும் இந்த முனையில். அவர் அளந்து பார்த்தது எனக்கு நிம்மதியாக இருந்தது.

“கண்ண மூடிக்க” என்றார். மூடிக்கொண்டேன். இமைக்குள்ளும் வெல்டு வெளிச்சம் தெரிந்தது.

ஆறினதும் சம்மட்டியால் மூன்று தட்டுத் தட்டினார். பிறகு நகர்ந்து வழிவிட்டார். சோலைமுத்து கட்டில் ஓரத்துக்கு வந்து, கம்பியைப் பிடித்து, இழுத்துப் பார்த்தார். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். “தாங்குமா?” என்று எங்கள் இரண்டு பேரையும் கேட்டார்.

பதிலுக்குக் காத்திராமல் அவராக எழுந்து நின்றார்.